மாதாமாதம் அதே ஃபைல்: மேக்ரோவா, பவர் குவெரியா?

பில்லிங் மென்பொருளிலிருந்து சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் தரவு) இறக்கி, காலி வரிகளை நீக்கி, தேதியைச் சரிசெய்து, வேண்டாத பத்திகளை அழித்து, கீழே மொத்தம் போட வேண்டும். இருபது நிமிட வேலைதான். ஆனால் மாதம் தவறாமல் அதே கிளிக்குகள்.

எல்லோரும் முதலில் போவது எக்செல் மேக்ரோ ரெக்கார்டரிடம். ரெக்கார்டை அழுத்திவிட்டு வேலையைச் செய்தால், அத்தனையையும் எக்செலின் நிரல் மொழியான விபிஏவில் அது எழுதிக்கொள்ளும். அந்தப் பதிவுதான் மேக்ரோ. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

சிக்கல் அடுத்த மாதம்தான் தெரியும். பதிவு செய்த அன்று 120 வரிகள், இப்போது 143. கன்ட்ரோலோடு கீழ் அம்புக்குறியை அழுத்திக் கடைசி வரிக்குப் போகப் பழகினாலும், ஆட்டோசம் (தானாகக் கூட்டும் பொத்தான்) "மேலே உள்ள 120 வரிகளைக் கூட்டு" என்றே பதிவாகியிருக்கும். மிச்சம் 23 வரிகள் விட்டுப்போகும், பிழைச் செய்தியும் வராது. அப்படி ஒரு தப்பான மொத்தத்தை அனுப்பிவிட்டு மறுநாள்தான் கண்டுபிடித்தேன். அந்தப் பதற்றம் இன்னும் போகவில்லை.

அப்புறம், மேக்ரோ ஓடி முடித்ததைக் கன்ட்ரோல் இசட் போட்டுத் திருப்ப முடியாது. மூல ஃபைலின் நகலில்தான் ஓட்ட வேண்டும். மேக்ரோவோடு சேமிக்கும் வடிவமான எக்ஸ்எல்எஸ்எம் ஆகச் சேமிக்காமல் வழக்கமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்தால், ஃபைலுக்குள் இருந்த மேக்ரோ போய்விடும்.

தரவை இறக்கிச் சுத்தம் செய்யும் கருவியான பவர் குவெரி எக்செல் 2016 முதல் டேட்டா மெனுவிலேயே இருக்கிறது. அதுவும் நாம் செய்வதைப் பதிவு செய்வதுதான், ஆனால் செல் முகவரியாக அல்ல, விதியாக. "காலி வரிகளை நீக்கு" என்றால் 120 இருந்தாலும் 1,200 இருந்தாலும் நீக்கும். ஒவ்வொரு படியும் வலப்பக்கப் பட்டியலில் நிற்கும். தப்பான படியை மட்டும் அழிக்கலாம். மூல ஃபைலை அது தொடுவதே இல்லை. ஒரு ஃபோல்டரை இணைத்துவிட்டால், புது ஃபைலை அதில் போட்டு ரெஃப்ரெஷ் அழுத்துவதோடு வேலை முடிந்தது. முடிவு டேபிளாக வருவதால், அதில் டோட்டல் ரோவைப் போட்டுவிட்டால் வரிகள் கூடக் கூட மொத்தமும் சரியாகவே வரும்.

குறை இல்லாமல் இல்லை. பத்தியின் தலைப்பு மாறினால் பிழை காட்டி நின்றுவிடும். சத்தமில்லாமல் தப்புக் கணக்குத் தருவதைவிட இது எவ்வளவோ மேல்.

கூகுள் ஷீட்ஸிலும் 2018 முதல் மேக்ரோ உண்டு. ரெக்கார்டர் அங்கேயும் முகவரிகளைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது கூகுளின் சர்வரில் ஓடும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் நிரலாகச் சேமிக்கப்படுவதால், டிரிக்கர் (தானாக ஓடவைக்கும் நேரக் குறிப்பு) வைத்தால் நம் கணினி அணைந்திருக்கும்போதும் குறித்த நேரத்தில் ஓடும்.

ஃபைலைச் சுத்தம் செய்ய நான் பவர் குவெரியைத்தான் சொல்வேன். தலைப்புக்கு வண்ணம், பிரின்ட் அமைப்பு போன்ற அலங்கார வேலைகள் அதற்கு வராது. அவற்றுக்கு மேக்ரோ போதும்.