வீட்டுத் தேநீர்க் கலவைக்கு எலுமிச்சைப்புல்லா, துளசியா, புதினாவா?

தேயிலை சேர்க்காத மூலிகைத் தேநீர்க் கலவையை வீட்டிலேயே தயாரித்து டப்பாவில் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்குத் துளசி, புதினா, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல் ஆகிய நான்கும் எளிதில் கிடைக்கின்றன. நான்கையும் மாடித் தொட்டிகளில் வளர்த்துப் பார்த்த பிறகு, எங்கள் வீட்டுக் கலவையில் எலுமிச்சைப்புல்லுக்கே பெரும்பங்கு கொடுத்திருக்கிறேன்.

பறித்த கையோடு கொதிநீரில் போடுவதானால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் குறையில்லை. துளசியில் கிராம்பின் காரம் தெரியும். இரண்டிலும் யூஜினால் என்னும் பொருள் இருப்பதே காரணம் என்பதால், துளசி சேரும் கலவையில் கிராம்பைக் குறைத்துக்கொள்ளலாம். புதினாவின் இனிய வாசனை எல்லோரும் அறிந்ததே. கற்பூரவல்லி ஓமத்தை நினைவூட்டும். எலுமிச்சைப்புல்லில் எலுமிச்சைத் தோலின் மணம் உண்டு, புளிப்பு கிடையாது.

ஆனால் கலவை என்பது உலர்த்தி வைத்துக்கொள்ளும் பொருள். ஆகவே, உலர்ந்த பின்னும் இலையில் எவ்வளவு சுவை தங்குகிறது, நம் ஊர் ஈரக்காற்றில் அது கெடாமல் உலருமா என்பவற்றை வைத்தே நான் முடிவு செய்தேன். கற்பூரவல்லியின் தடித்த இலையில் நீர் மிகுதி. அது உலர்வதற்குள் கறுத்துப் பூசணம் பிடிக்க வாய்ப்புண்டு. அடுப்பின் மெல்லிய சூட்டில் உலர்த்துவோருக்கு அது நன்றாக வரலாம்; அந்த முறையில் எனக்குப் பழக்கமில்லை. புதினா இலை மெல்லியது என்றாலும், ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டால் ஓரங்கள் கறுத்துவிடும். துளசி எளிதில் உலர்கிறது. ஆயினும் பச்சை இலையின் புத்துணர்வான மணம் பெரும்பாலும் போய், காரமும் இலேசான கசப்புமே மிஞ்சுகின்றன.

எலுமிச்சைப்புல்லின் தாள் நீண்டு, நாரோடியதாக, ஒட்டாமல் கிடப்பதால் காற்று உள்ளே புகுந்து வர இடமிருக்கிறது. தாளின் ஓரம் கையைக் கீறும் என்பதால் கத்தரிக்கோலால் அறுத்து, விரற்கடை அளவுக்கு நறுக்கி, நிழலில் வெள்ளைத் துணியின்மேல் பரப்பினால் போதும். வளைக்கும்போது மடங்காமல் பட்டென்று ஒடிந்தால் டப்பாவில் இடலாம். அதன் மணத்துக்குக் காரணமான சிட்ரால் எளிதில் ஆவியாகிவிடக் கூடியது. எனவே வெயிலில் காயவைப்பதையும், பொடித்து வைப்பதையும் தவிர்த்து, தேநீர் போடும் நேரத்தில் விரலால் கசக்கிப் போடுவதே நல்லது. கொதிநீர் ஊற்றிய பின் ஐந்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். மூடாவிட்டால் மணத்தின் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும்.

எலுமிச்சைப்புல்லைச் சேர்த்தால் பாலும் திரிவதில்லை. மகாராஷ்டிரத்தில் பச்சைத் தாளைப் பால் தேநீரிலேயே கொதிக்கவிடுகிறார்கள். புளிப்புள்ள செம்பருத்தி இதழைப் பாலோடு சேர்க்க முடியாது.

நாற்று வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. சிட்ரோனெல்லா என்னும் கொசுவிரட்டிப் புல் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும்; அதன் அடித்தண்டு பெரும்பாலும் சிவந்திருக்கும், கசக்கினால் சோப்பு வாசனை வரும். தேநீருக்கான புல்லின் அடித்தண்டு வெளிர்பச்சையாகவோ வெண்மையாகவோ இருக்கும். கேரளத்தில் தைலத்துக்காக வளர்க்கப்படும் புல்லும் வேறு இனமே.

நான் சேர்க்கும் அளவு, உலர்ந்த எலுமிச்சைப்புல் இரண்டு பங்கு, துளசி ஒரு பங்கு, புதினா அரைப் பங்கு. சளிக்காகக் குடிப்பவர்கள் துளசியைக் கூட்டிச் சுக்கு சேர்ப்பது வழக்கம். அப்போது எலுமிச்சைப்புல்லின் மணம் பின்னுக்குப் போய்விடும் என்பதால், அந்தக் கலவையைத் தனி டப்பாவில் வைத்துக்கொள்கிறேன்.