மூன்று பெட்டி, ஒரு நீல டோக்கன்: டெஸ்கோவின் சிறு நிதித் திட்டம்

வடமேற்கு லண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் பொருளாளர். அறுபது பிள்ளைகள், ஒன்பது ஆசிரியர்கள், வாடகைக்கு எடுத்த நாலு வகுப்பறை. காலை ஒன்பதரைக்கு வகுப்புத் தொடங்கும். 2024 செப்டெம்பரில் ஒருநாள் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பத்து மணிக்கே மேசையில் தலையைச் சாய்த்துவிட்டான். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்த ஆசிரியை, "சாப்பிட்டிட்டு வந்தனீங்களோ அப்பன்?" என்று கேட்டார். "அம்மா வேலையால இன்னும் வரேல்லை" என்றான். தாய்க்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. தகப்பன் விடியவே டெலிவரிக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டு மாமாதான் பிள்ளையை ஏற்றிவந்து விடுகிறவர். அன்றைக்கு ஆசிரியை தன் பையில் இருந்த வாழைப்பழத்தைக் கொடுத்தார். அடுத்த சனி மற்றப் பிள்ளைகளிடமும் விசாரித்தோம், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதபடி ஒவ்வொருவராக. சாப்பிடாமல் வந்தவர்கள் பதினேழு பேர்.

அந்தப் பதினேழு பேரை வைத்துத்தான் டெஸ்கோ சூப்பர்மார்க்கெட்டின் 'ஸ்ட்ரோங்கர் ஸ்டார்ட்ஸ்' நிதிக்கு விண்ணப்பித்தோம். இங்கே எத்தனையோ தமிழ்ச் சங்கங்கள், நடன வகுப்புகள், முதியோர் கூடல்கள் இருக்கின்றன. அவற்றில் பலர் இந்த வாசல் பக்கமே போவதில்லை. "அது வெள்ளைக்காரருக்குத்தானே" என்று என்னிடமே இரண்டு பேர் சொன்னார்கள். அப்படியில்லை என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

திட்டம் இதுதான். கடை வாசலுக்குக் கிட்ட கண்ணாடி போன்ற பெட்டி ஒன்று நிற்கும், மூன்று அறைகளாகப் பிரித்தபடி. ஒவ்வொரு அறைக்கு மேலும் அந்தப் பகுதியில் இயங்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் அல்லது பிள்ளைகளுக்கான அமைப்பின் பெயரும், காசு எதற்கு என்ற இரண்டு வரியும் இருக்கும். சாமான் வாங்கினால் ஒரு நீல டோக்கன் கிடைக்கும். அதை விரும்பிய அறைக்குள் போடலாம். மூன்று மாதம் வாக்கெடுப்பு. அதிகம் டோக்கன் விழுந்த அமைப்புக்கு 1,500 பவுண், அடுத்ததுக்கு 1,000, மூன்றாவதுக்கு 500. விண்ணப்பங்களைப் பார்ப்பது கிரவுண்ட்வேர்க் என்ற தொண்டு நிறுவனம். 2023இல் இந்தப் பெயருக்கு மாறியதிலிருந்து பிள்ளைகளின் சாப்பாடும் உடற்பயிற்சியும்தான் முக்கியம்.

இதன் வேர் பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. 2015 ஒக்டோபரில் இங்கிலாந்தில் பெரிய கடைகள் பை ஒன்றுக்கு 5 பென்ஸ் வாங்கவேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தக் காசை ஊருக்குத் திருப்பிக் கொடுக்க 'பேக்ஸ் ஒஃப் ஹெல்ப்' என்று ஆரம்பித்தார்கள். அப்போது கொடுத்த தொகைகள் 12,000, 10,000, 8,000 பவுண். பூங்கா, பசுமை வெளி மாதிரியான வேலைகளுக்குப் போனது. இன்று தொகை சிறியது, ஆனால் எங்களைப் போன்ற சின்னப் பள்ளிக்கூடத்துக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. பன்னிரண்டாயிரம் பவுண் திட்டம் ஒன்றை எங்களால் எழுதவும் முடியாது, நடத்தவும் முடியாது.

விண்ணப்பிக்க முன்னர் பத்திரங்களைச் சரிசெய்ய வேண்டும். இதில்தான் எங்களுக்கு அதிக காலம் போனது. சங்கத்துக்கு எழுதிய யாப்பு, அதாவது அது நடக்கும் விதிகள், வேண்டும். எங்களிடம் 1990களில் கையால் எழுதிய ஒன்று இருந்தது, தமிழில். அதை ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்து பொதுக்கூட்டத்தில் மறுபடி நிறைவேற்றினோம். பிள்ளைகளோடு வேலை செய்வதால் சிறுவர் பாதுகாப்புக் கொள்கை வேண்டும், ஆசிரியர்களுக்குக் குற்றப் பதிவு உண்டா என்று பார்க்கும் டிபிஎஸ் சோதனை செய்திருக்க வேண்டும். இவை இருந்தன. வங்கிக் கணக்குதான் சிக்கல். சிறு நிதி தருகிறவர்கள் பொதுவாகக் கேட்பது, உறவினர் அல்லாத இரண்டு பேர் கையொப்பமிடும் கணக்கு. எங்கள் கணக்கில் தலைவர் ஐயாவும் அவருடைய மனைவியும். இருபது வருடம் ஒரு சதம் பிசகாமல் பார்த்த மனிதர்கள். ஐயாவிடம் போய், "இரண்டு பேரில் ஒருவரை மாற்றவேண்டும்" என்று சொல்ல எனக்குக் கால் வரவில்லை. அவர் கேட்டுவிட்டு, "இது என்னை நம்பேல்லை எண்டில்ல தங்கச்சி, நாளைக்கு ஆர் வந்தாலும் கணக்குச் சுத்தமா இருக்கோணும்" என்றார். வங்கி அந்த மாற்றத்தைச் செய்து முடிக்க ஏழு கிழமை. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் கையொப்பத்தைப் பாருங்கள், மிச்சமெல்லாம் பிறகு.

அடுத்தது எழுத்து. நான் எழுதிய முதல் வரைவில் தமிழின் தொன்மை இருந்தது, நாங்கள் ஏன் நாட்டைவிட்டு வந்தோம் என்பது இருந்தது, பேரப்பிள்ளைகளோடு கதைக்க முடியாத அம்மம்மாக்களின் துயரம் இருந்தது. ஒவ்வொரு வரியும் உண்மை. பதினாறு வயது மகள் வாசித்துவிட்டு, "அம்மா, பிள்ளைகள் என்ன சாப்பிடப் போகினம் எண்டு எங்கயுமே இல்லையே" என்றாள். திரும்ப எழுதினோம். சனிக்கிழமை காலையில் அறுபது பிள்ளைகள், அவர்களில் பதினேழு பேர் வெறும் வயிற்றோடு. ஒரு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு கோப்பை பால், மரக்கறி மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கு அவித்த கடலை. எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுப்போம், அப்போதுதான் எந்தப் பிள்ளை வீட்டில் சாப்பிடவில்லை என்பது வெளியே தெரியாது. வருடத்துக்கு 34 சனி. அவ்வளவுதான் எழுதினோம். கணக்கையும் போட்டுப் பார்த்தேன்: 1,500 பவுண் வந்தால் பிள்ளை ஒன்றுக்கு ஒரு காலைக்கு 73 பென்ஸ். 1,000 என்றால் 49. 500 என்றால் 24 பென்ஸ், அதில் முட்டை இல்லை.

2025 ஜனவரியில் எங்கள் பெயர் பெட்டியில் ஏறியது. 'தமிழ்' என்ற சொல்லை அந்தக் கடைக்குள் ஆங்கில எழுத்தில் முதன்முதலாகப் பார்த்தேன். சாமான் வண்டிலோடு அதிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

வாக்கெடுப்பில் ஒரு விசயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இருநூறு பவுணுக்கு வாங்கினாலும் ஒரு டோக்கன், ஒரு போத்தல் பால் வாங்கினாலும் ஒரு டோக்கன். கிழமைக்கு ஒருக்கா வந்து வண்டில் நிரப்பும் எங்களைப் போன்ற பெற்றோரிடம் டோக்கன் குறைவு. தினமும் நடந்துபோய்ப் பாலும் பாணும் வாங்கும் ஓய்வுபெற்றவர்களிடம்தான் அதிகம். எங்கள் பிள்ளைகளின் அப்பப்பாக்கள், அம்மம்மாக்கள் தாங்களாகவே அதைப் பிடித்துக்கொண்டார்கள். எண்பத்தொரு வயது ஐயா ஒருவர் குளிருக்குள்ளும் தினம் போவார். தானியங்கிப் பக்கம் போகமாட்டார், ஆள் இருக்கும் கவுண்டரில்தான் நிற்பார், அங்கே டோக்கன் கையில் வரும். "என்ர ஒரு பால் போத்தல் பேரனுக்கு ஒரு முட்டை" என்பார். கணக்குச் சரியில்லைத்தான். ஆனால் அவருக்கு நான் அதைத் திருத்திச் சொல்லவில்லை.

குறை என்று நான் நினைப்பதையும் சொல்லவேண்டும். எங்களோடு பெட்டியில் இருந்த மற்ற இரண்டில் ஒன்று, உடற்குறை உள்ள பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் குழு. ஒருநாள் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுடைய இரண்டு வரியை வாசித்தேன். அந்த டோக்கனை எங்கள் பெட்டியில் போட என்னால் முடியவில்லை, அவர்களுக்கே போட்டேன். மூன்றும் பிள்ளைகளுக்கான வேலை, மூன்றுக்கும் காசில்லை. அப்படியிருக்க ஏன் ஒன்றோடொன்று மோதவிட வேண்டும்? முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஆயிரம் பவுண் வித்தியாசம் பெரிது. வெயிற்றோஸ் என்ற இன்னொரு சூப்பர்மார்க்கெட் 2008இல் தொடங்கிய பச்சை டோக்கன் திட்டத்தில் கிளை ஒன்று மாதம் 1,000 பவுணை மூன்று அமைப்புகளுக்கு, விழுந்த டோக்கன் அளவுக்கேற்பப் பிரித்துக் கொடுத்தது. அந்த முறை எனக்கு இதைவிட நியாயமாகப் படுகிறது. ஆனால் டெஸ்கோவில் யாரும் வெறுங்கையோடு போவதில்லை என்பது உண்மை. பெட்டிவரை வந்தால் 500 உறுதி.

இன்னொன்றும் இந்த இடத்தில் சொல்லவேண்டியது. டோக்கன் வேலையெல்லாம் வேண்டாம், தெரிந்த நல்ல அமைப்பு ஒன்றை முன்மொழிந்தால் போதும் என்பவர்களுக்கு 'மூவ்மென்ட் ஃபோர் குட்' இருக்கிறது. பெனிஃபக்ட் என்ற காப்புறுதிக் குழுமம் 2019இலிருந்து நடத்துவது. அந்தக் குழுமத்தின் உரிமையாளரே ஒரு அறக்கட்டளை. யாரும் இணையத்தில் ஒரு பதிவுபெற்ற அறநிறுவனத்தின் பெயரைக் கொடுக்கலாம், குலுக்கலில் வந்தால் அந்த அமைப்புக்கு 1,000 பவுண். பெயரையும் பதிவு எண்ணையும் தேடி நிரப்ப எனக்கு மூன்று நிமிடம் எடுத்தது. வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கும் ஒரு சின்ன அமைப்பை முன்மொழிந்தேன். என் மாமியாரின் கடைசி வருடத்தில் கிழமைக்கு மூன்று தரம் டயலிசிசுக்கு வந்து ஏற்றியது அவர்கள்தான். இன்னும் விழவில்லை. வருடாவருடம் போடுவேன். முதியவர்களுக்கு வேலை செய்பவர்களின் பெயர் பெட்டியில் பிள்ளைகளின் பெயரோடு நின்று வெல்லாது. குலுக்கலில் அந்த வித்தியாசம் இல்லை. ஆனால் பதிவு இல்லாத சங்கங்களுக்கு இது சரிவராது. இங்கிலாந்தில் வருட வருமானம் 5,000 பவுணுக்கு மேல் போனால்தான் பெரும்பாலான அமைப்புகள் அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் சரிட்டி கமிஷனில் பதியவேண்டும், அதனால் எங்கள் முதியோர் கூடல் மாதிரிப் பலவற்றுக்கு எண்ணே கிடையாது.

எங்களுக்கு இரண்டாவது இடம் கிடைத்தது. நீச்சல் குழு முதலாவது. மனதுக்கு நிம்மதியாக இருந்தது. 49 பென்ஸில் முட்டையும் வாழைப்பழமும் சமாளிக்கலாம். பாலுக்கு இரண்டு குடும்பங்கள் முன்வந்தன. செலவுக் கணக்கும் படங்களும் அறிக்கையாகக் கொடுக்கவேண்டும் என்பதால் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு வைக்கிறேன்.

இப்போது சனி எட்டே முக்காலுக்கே இரண்டு தாய்மார் வந்து முட்டை அவிக்கத் தொடங்குகிறார்கள். ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அந்த மூன்றாம் வகுப்புப் பையன் மஞ்சள் கருவைச் சாப்பிடமாட்டான், பக்கத்தில் இருக்கும் தோழிக்குக் கொடுத்துவிட்டு அவளுடைய வெள்ளையை வாங்கிக்கொள்வான். போன கிழமை கணக்குப் பார்த்தேன். மிச்சம் இருப்பது இன்னும் பதினொரு சனிக்கு. ரின்னுக்குப் பக்கத்திலேயே அடுத்த விண்ணப்பத்தின் முதல் தாளை வைத்திருக்கிறேன்.