பார்சல் வண்டிக்கு வழி சொல்லும் செயலி: குமரி மாவட்டத்தில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

செயலிக்கு மாதாமாதம் கட்டும் சந்தா எனக்குக் கட்டுப்படியாகிறது. ஆனால் விற்க வந்தவர் சொன்ன கணக்கில் கட்டுப்படியாகவில்லை. தூரம் குறையும், டீசல் மிஞ்சும் என்றார். தூரம் கொஞ்சம்தான் குறைந்தது. பூட்டிய வீட்டுக்கு மறுபடியும் போகும் நடை குறைந்ததில்தான் பணம் மிஞ்சியது.

நாகர்கோவிலில் இருந்து மேற்கே மார்த்தாண்டம் வரை, தெற்கே கடற்கரை ஊர்கள் வரை பார்சல் கொண்டு சேர்ப்பது என் தொழில். குட்டியானை எனும் சிறு சரக்கு வண்டியும் பைக்குமாகக் கலந்து ஓடுகின்றன. சேர்த்த பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. டீசல், சம்பளம், டயர் எல்லாம் நம் தலையில். வீட்டில் ஆள் இல்லாமல் மறுநாள் திரும்பப் போனால் அந்த நடைக்குக் காசு இல்லை. அதனால் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். கையில் சேர்ந்த ஒரு பார்சலுக்கு என்ன செலவானது என்பதையே பார்க்கிறேன்.

இப்படியொரு செயலி எதற்கு, கூகுள் மேப் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் சில இடங்களைத்தான் சேர்க்க முடியும். நாம் போட்ட வரிசையை அது மாற்றியும் தராது. பத்து வீடுகளுக்குப் போகும் வரிசையை 36,28,800 விதமாக அமைக்கலாம். இருபது வீடு என்றால் அந்த எண் பத்தொன்பது இலக்கத்துக்குப் போய்விடும். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க எந்தக் கணினிக்கும் பொறுமை கிடையாது. பெட்ரோல் லாரிகளை விற்பனை நிலையங்களுக்கு அனுப்பும் சிக்கலாக ஆய்வாளர்கள் டான்ட்ஸிக், ராம்சர் இருவரும் 1959-இல் இதை எழுதினார்கள். 1964-இல் கிளார்க், ரைட் இருவரும் ஓர் எளிய வழி சொன்னார்கள்: ஒவ்வொரு வீட்டுக்கும் கிடங்கிலிருந்து தனித்தனியே போய்வருவதாக முதலில் வைத்துக்கொள், எந்த இரண்டை ஒரே நடையில் சேர்த்தால் அதிகம் மிஞ்சுகிறதோ அதை முதலில் சேர், அப்படியே சேர்த்துக்கொண்டு போ. காலையில் வண்டியில் பார்சல் அடுக்கும் மூத்த ஓட்டுநர் மனதுக்குள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். நாகர்கோவில் நகருக்குள் கோட்டாறு, வடசேரி, மீனாட்சிபுரம் பகுதிகளில் செயலி அவரை ஒருநாளும் வென்றதில்லை.

செயலி வென்றது மேற்கே. கல்குளம், விளவங்கோடு பக்கம் வீடுகள் தெருவாக நிற்பதில்லை. தென்னந்தோப்புக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவே சிதறிக் கிடக்கின்றன. முகவரியில் வீட்டுப் பெயர், 'விளை' என்று முடியும் ஏதோ ஓர் இடப்பெயர், 629165 என்ற பின்கோடு, அவ்வளவுதான். ஒரே பெயரில் இரண்டு மூன்று விளைகள் இருக்கும். தொடக்கத்தில் செயலி எல்லாவற்றையும் ஊர் நடுவில் குவித்துவிட்டு, அழகான வழி ஒன்றைப் போட்டுக் கொடுத்தது. பார்சல் கைமாறும் இடத்திலேயே நின்று அந்த வீட்டின் இருப்பிடத்தைச் சேமிக்கச் சொன்னோம். பையன்கள் முணுமுணுத்தார்கள். இன்று அந்தச் சேமிப்புதான் என் சொத்து. புதிதாக வரும் ஓட்டுநரும் யாரிடமும் வழி கேட்காமல் வாசலில் போய் நிற்கிறார். அஞ்சல் துறை 2025-இல் கொண்டுவந்த டிஜிபின், சுமார் நான்கு மீட்டர்க் கட்டத்துக்குப் பத்து எழுத்தில் ஒரு குறியீடு தருகிறது. அது முகவரிச் சீட்டில் ஏறும் நாளில் இந்த வேலை பாதியாகும்.

அடுத்தது நேரம். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்தில் இருப்பார்கள்; பால் எடுத்து முடித்து வீடு திரும்ப நண்பகலாகும். அங்கே காலையில் போனால் நாய்தான் வரவேற்கும். அந்த ஊர்களுக்கு மதியத்துக்குப் பிறகு என்று நேர வரம்பு கொடுத்தேன். செயலி உடனே சுற்றுவழி போட்டது, கிலோமீட்டர் கூடியது. மாதக் கடைசியில் செலவு குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரை ஊர்களுக்கும் இதே வைத்தியம்: திருப்பலி முடிந்த பிறகுதான் வண்டி.

'சாலையின் எந்தப் பக்கம்' என்றொரு அமைப்பு உள்ளே ஒளிந்திருக்கிறது. வாங்குகிறவர்கள் முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள். வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவில் யூபிஎஸ் பார்சல் நிறுவனத்தின் வண்டிகள் இடப்பக்கத் திருப்பங்களைத் தவிர்ப்பது பிரபலம். இடப்பக்கம் ஓட்டும் நமக்கு வலப்பக்கத் திருப்பம்தான் எமன். தக்கலை – மார்த்தாண்டம் சாலையில் போகும்போது ஒரு பக்க வீடுகள், வரும்போது மறுபக்க வீடுகள் என்று பிரித்த பிறகு, எதிரே வரும் லாரிகளுக்கு இடையில் திரும்பக் காத்திருக்கும் நேரம் மிஞ்சுகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. சானல்கரைப் (கால்வாய்க்கரை) பாதையையும் குறுகிய முடுக்கையும் சாலை என்று நம்பி, திருப்ப இடமில்லாத இடத்துக்குக் குட்டியானையை அனுப்பும். பைக்குக்கும் வண்டிக்கும் தனித்தனியே பட்டியல் போட்டுத்தான் இதைச் சமாளிக்கிறோம். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு நிற்கும் நேரம் வைக்கிறது. பணம் வாங்கிச் சில்லறை தேடும் பார்சலுக்கு அது போதாது. சுசீந்திரம் தேரோட்டமோ மண்டைக்காடு கோயில் கொடை விழாவோ அதற்குத் தெரியாது. "இன்றைக்கு இந்த வழி ஆகாது அண்ணாச்சி, கேரளத்துக்குப் போகும் டாரஸ் லாரிகள் வரிசையாக நிற்கின்றன" என்று ஓட்டுநர் சொன்னால் நான் செயலியை மூடிவிடுவேன்.

வாங்க நினைப்பவர்கள் விலையைப் பேசும் முன் ஒன்றைக் கேளுங்கள்: நாம் சேமித்த இருப்பிடங்களை எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? முடியாது என்றால் சந்தாவை நிறுத்தும் நாளில் வாசல்கள் அத்தனையும் அவர்களிடமே தங்கிவிடும். என்னுடையது தருகிறது; வாரம் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.