பழைய போர்வெல்: மழைநீர் விடவா, அடைக்கவா?

எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் ஒரு பழைய போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, சும்மா கிடக்கிறது. ‘மாடித் தண்ணியை அதுலயே விட்டுடுங்க சார்’ என்கிறார் பிளம்பர்.

செலவென்று பார்த்தால் அவர் சொல்வது சரி. ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி ஒன்று, கொஞ்சம் குழாய், அவ்வளவுதான். 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் வேறு. ஆனால் போர் என்பது மண்ணின் சல்லடையைத் தாண்டிப் போகும் குறுக்குவழி. மூடி சரியில்லையென்றால், தெருவில் லாரி சிந்திய டீசலும் வெள்ளத்தோடு நேராக நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். 2013-ல் எங்கள் பகுதியில் எண்ணெய்க் குழாய் கசிந்து போர்களில் எண்ணெய் வந்தது. வாளித் தண்ணீரில் வானவில் மாதிரிப் படலம். காய்ச்சினாலும் தீராத சங்கதி.

அடைப்பது செலவு அதிகம். வாயில் கடப்பைக் கல்லை வைப்பது அடைப்பாகாது. கைவிட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குப் போடுவதுபோல உள்ளே சிமென்ட் அடைப்பு வேண்டும். அங்கே அது இல்லாவிட்டால் கேஸிங் (கிணற்றுக்குள் இறக்கிய இரும்பு உறைக் குழாய்) துருப்பிடித்து, ஆழத்து உப்புநீரும் வாயுவும் நல்ல நீர் அடுக்குக்கு ஏறிவிடும். வீட்டுப் போருக்குக் குழாயை அடிவரை இறக்கி, சிமென்ட் பாலைக் கீழிருந்து நிரப்பினால் போதும்.

மயிலாப்பூரில் இருந்தால் மழைநீரைத்தான் விடுவேன், நல்ல மூடியோடு. எண்ணெய் கசிந்த இந்த மண்ணில், சிமென்ட்தான்.