பழைய டில்லரைப் பட்டறையில் விடுகிறீர்களா? முதலில் டீசல் பம்ப்பைப் படம் எடுங்கள்

ராமநாதபுரம் கடலோரத்தில் பழைய பவர் டில்லர் (கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிற சின்ன உழவு வண்டி) வைத்து ஓட்டுகிறவர்கள், முக்கியமாக உச்சிப்புளி, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்கள், இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பட்டறை ஒன்றில், என் டில்லர் எஞ்சினை முழுசாக ஓவர்ஹால் செய்து தருகிறோம் என்று 27,500 ரூபாய் வாங்கினார்கள். காசு வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாமல் விடுவது எங்கும் நடப்பதுதான். இவர்கள் அதற்கும் மேலே போய், எஞ்சினில் இருந்த நல்ல டீசல் பம்ப்பை, அதாவது டீசலை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிற பாகத்தை, கழற்றி வைத்துக்கொண்டு, தேய்ந்துபோன வேறொன்றை மாட்டி, பெயிண்ட் அடித்து அனுப்பிவிட்டார்கள்.

பட்டறையின் பெயரை இங்கே போடப் போவதில்லை. புகார் வேலை நடந்துகொண்டிருக்கிறது, அது முடியட்டும். எப்படிச் செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உபயோகம்.

வண்டி பழைய கேம்கோ. கேரளத்தில் அத்தாணியில், ஜப்பான் குபோட்டாவின் தொழில்நுட்பத்தில் செய்தது. 12 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர், படுக்கைவாட்டு டீசல் எஞ்சின். சித்தப்பா வாங்கி ஓட்டியது, அவருக்குப் பிறகு என்னிடம் வந்தது. "ஏன் இன்னும் இதையே கட்டி அழுகிறாய், மானியத்தில் புதுசு வாங்கேன்" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். தென்னைக்கு நடுவே டிராக்டர் திரும்பாது, திரும்பினாலும் வேரை அறுக்கும். முண்டு மிளகாய் போடுகிற சின்னச் சின்னக் கொல்லைகளிலும் இதுதான் தோது. அதோடு அந்தக் காலத்து வார்ப்பு கனமானது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இன்னொரு தலைமுறைக்கு உழும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் நம் பக்கப் பட்டறைகளுக்குப் போனால் விசைப்படகு எஞ்சின்கள் வரிசை கட்டி நிற்கும், டில்லரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆடியில் கச்சான் காற்று பிடித்த பிறகு கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள் என்று அப்போது கொண்டுபோனேன். சுமை ஏறினால் நீலப்புகை வந்தது, ஆயில் குறைந்தது, ஃபிளைவீலைக் கையால் திருப்பினால் கம்ப்ரஷன் எதிர்த்துத் தள்ளவில்லை. லைனரும் (பிஸ்டன் ஓடுகிற உள் உறை) ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) தேய்ந்திருக்கின்றன என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பம்ப்பில் ஒரு குறையும் கிடையாது. எஞ்சின் சூடாக இருந்தாலும் சரி, ஆறி இருந்தாலும் சரி, பிடித்துச் சுற்றினால் கிளம்பிவிடும்.

லைனர் பிஸ்டன் செட், வால்வு, நாசில் (டீசலைப் பீய்ச்சுகிற முனை), பம்ப் சர்வீஸ், பெயிண்ட், கூலி என்று ஓனர் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். பம்ப் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டதற்கு, "கழட்டுற கையோட சுத்தம் பண்ணிறலாம்ண்ணே, உப்புக்காத்து ஊரு" என்றார். அந்த உப்புக்காற்றைப் பிறகு பல தடவை கேட்க வேண்டியிருந்தது.

புரட்டாசியில் வண்டி வந்தது. பளபளவென்று பெயிண்ட், முதல் சுற்றிலேயே ஸ்டார்ட், புகை என்று பெயருக்குக்கூட இல்லை. சத்தமும் அடங்கியிருந்தது. மீதிப் பணத்தைக் கொடுத்தேன்.

முதல் மழைக்குப் பிறகு தோப்பில் இறக்கினோம். ஒரு மணி நேரம் நன்றாக ஓடியது. அப்புறம் இழுவை குறைந்தது, ரோட்டரி (மண்ணைக் கிளறுகிற சுழல் கத்தி) மண்ணில் இறங்கினாலே எஞ்சின் திணறியது. டீ குடிக்க நிறுத்தினோம். திரும்ப வந்து ஆள் மாற்றி ஆள் சுற்றினோம், கிளம்பவே இல்லை. நன்றாக ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. மறுநாளும் இதே கதை.

எங்களூர்ப் பக்கம் வள்ளங்களுக்கு டீசல் எஞ்சின் பார்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். போர்டு கிடையாது, பட்டறை என்பதே ஒரு பூவரச மரத்தடிதான். அவரைக் கூட்டி வந்தேன். சூட்டில் எஞ்சின் நின்றதும் அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பம்ப் மேல் சுற்றிவிட்டு பீடி பற்ற வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப சுத்துங்க" என்றார். கிளம்பிவிட்டது.

காரணம் எளிது. பம்ப்புக்குள் இருக்கும் பிளஞ்சர் என்கிற தண்டும் அதன் உறையும் மயிரிழைக்கும் குறைவான இடைவெளியில் ஓடுகிறவை. தேய்ந்துவிட்டால் அந்த இடைவெளியில் டீசல் பின்னுக்குக் கசியும். குளிர்ந்திருக்கும்போது டீசல் கொஞ்சம் கெட்டியாக இருப்பதால் கசிவு குறைவு, நாசிலைத் திறக்கிற அழுத்தம் எப்படியோ கிடைத்துவிடும். சூடேறி டீசல் நீர்த்துப்போனால் கிடைக்காது. ஈரச் சாக்கு பம்ப்பை மட்டும் குளிர்விக்கிறது. அதில் கிளம்பினால் பிளஞ்சர் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். உங்கள் வண்டியிலும் இதைச் செய்து பார்க்கலாம், ஆனால் ஈரத்துணிதான், கொதிக்கிற இரும்பின் மேல் குடத்தைக் கவிழ்த்துவிடாதீர்கள்.

ஆடியில் நன்றாக இருந்த பம்ப் புரட்டாசிக்குள் எப்படித் தேயும்? என் மொபைலில் பழைய படங்களைத் தேடினேன். டீசல் பைப் மாற்றியபோது இணைப்பு மறந்துவிடக் கூடாதென்று எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அதில் பம்ப்பின் பக்கவாட்டில் நம்பர் தகடு தெளிவாகத் தெரிகிறது. இப்போது வண்டியில் இருக்கும் பம்ப்பில் தகடு இல்லை. புதுப் பெயிண்டை பிளேடால் சுரண்டினால், தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டைகள். இரண்டையும் பட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள்.

அதைப் பார்த்ததும் பெரியவர், "ஆயிலை இறக்குங்க" என்றார். போல்ட்டைக் கழற்றினால் ஆயில் விழ யோசித்தது, தேன் மாதிரி நூலாக இறங்கியது. முகர்ந்து பார்த்தால் கந்தக வாடை. கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற 90 நம்பர் ஆயிலைக் கலந்திருக்கிறார்கள். தேய்ந்த எஞ்சினில் இப்படிக் கெட்டி ஆயில் ஊற்றினால் ரிங் இடுக்கில் அடைத்துக்கொண்டு சில நாளைக்குப் புகை வராது, தட்டல் சத்தமும் கேட்காது. விற்கிற வண்டிக்குத் தரகர்கள் செய்கிற பழைய வித்தை இது. சரியான எஞ்சின் ஆயிலை ஊற்றி ஓடவிட்டதும் ப்ரீதர் (எஞ்சின் மூச்சுவிடுகிற குழாய்) வழியாகக் குப் குப்பென்று புகை தள்ளியது.

ஹெட்டைக் கழற்றினோம். லைனரின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே விரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். நகம் ஒரு படியில் தட்டி நின்றது. மேல் ரிங் எட்டுகிற எல்லை வரைதான் லைனர் தேயும், அதற்கு மேலே தேயாமல் நிற்கிற பகுதிதான் அந்தப் படி. புது லைனரில் அது இருக்கவே முடியாது. உள்சுவரில் உப்புத்தாள் போட்டுக் கையால் தேய்த்த கோடுகள் வளையம் வளையமாகத் தெரிந்தன. முறையாக ஹோனிங் (கருவி வைத்து உள்சுவரைத் தேய்ப்பது) செய்தால் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வலை போல விழும். பிஸ்டன் பழையதுதான், கரியைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ரிங் மட்டும் புதுசு. பிஸ்டனின் மேல் பள்ளம் தேய்ந்து அகலமாகிவிட்டதால் அந்தப் புது ரிங்கும் அதில் லொடலொடவென்று ஆடியது. ஆக, நடந்த வேலை ஒரு ரிங் செட்டும் ஒரு டப்பா பெயிண்டும்.

எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

"பம்பு மாத்தவே இல்லண்ணே. உப்புக்காத்துல பம்பெல்லாம் அப்படித்தான் போகும்."

"பழைய லைனர் எங்கே?"

"பழைய இரும்புக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான்."

"புது லைனருக்குக் கடை பில்?"

"பசங்க எங்கயோ வச்சிருப்பானுங்க, தேடி அனுப்புறேன்."

இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

உப்புக்காற்று பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் எந்தப் பட்டறையில் கேட்டாலும் முதல் சாக்கு அதுதான். உப்புக்காற்று சைலன்சரைத் தின்னும், டேங்க் அடியை ஓட்டையாக்கும், கேபிளை இறுக்கும், போல்ட்டை ஸ்டட்டோடு ஒட்டவைக்கும். ஸ்டட் உடைந்துவிட்டது என்று சொன்னால் நம்பலாம். ஆனால் பிளஞ்சர் எப்போதும் டீசலிலேயே முங்கிக் கிடப்பது, அங்கே காற்றுக்கு வேலையில்லை. அங்கே கெடுதல் செய்வது டீசலோடு போகிற தண்ணீரும் துருவும் தூசியும்தான். டேங்க்கை அரைகுறையாக விட்டால் ஈரக்காற்று உள்ளே வியர்த்து அடியில் தண்ணீர் தேங்கும். அதனால் மழைக்காலத்தில் டேங்க்கை நிரப்பியே வையுங்கள், ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். எஞ்சினுக்கு ஊற்றுகிற தண்ணீரும் அப்படித்தான். நம் பக்க உவர்க்கிணற்றுத் தண்ணீர் உள்ளே காறை கட்டும், மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது நல்லது.

எனக்கு வயிற்றெரிச்சல் 27,500 ரூபாய் மட்டும் இல்லை. பழைய வண்டியில் இருக்கும் அசல் பம்ப், நாசில், கிராங்க் இதெல்லாம் இன்றைக்குக் கடையில் கேட்டால் சுலபத்தில் கிடைக்காது, கிடைப்பதில் பாதி டூப்ளிகேட். அதனால் நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய பாகத்துக்கு வாங்க ஆள் காத்திருக்கிறது. ஓவர்ஹால் என்று வருகிற எஞ்சின் இவர்களுக்கு ரிப்பேர் வேலை மட்டும் இல்லை, ஸ்பேர் கடையும்கூட. ஒருவர் வண்டியில் கழற்றியதை இன்னொருவர் வண்டிக்குப் போட்டு இரண்டு பேரிடமும் காசு வாங்கலாம்.

பட்டறைக்கு ஏற்றுவதற்கு முன் எஞ்சின் நம்பர், பம்ப் நம்பர், நாசில் எல்லாவற்றையும் கிட்டத்தில் வைத்துப் படம் எடுங்கள். வெளியே தெரியாத இடத்தில் பஞ்ச்சால் ஒரு குறி அடித்து வைத்தால் இன்னும் நல்லது. பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று பேசும்போதே சொல்லிவிடுங்கள், அதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற பட்டறையாக இருந்தால் அங்கிருந்து கிளம்பிவிடலாம். லைனர் செட்டை நீங்களே கடையில் வாங்கிக் கொடுத்து, மாட்டுகிற அன்று பக்கத்தில் இருங்கள். பெயிண்ட் அடிக்கவே விடாதீர்கள், வேண்டுமானால் பிறகு வீட்டில் அடித்துக்கொள்ளலாம். வண்டியை எடுக்கும்போது சும்மா ஓடவிட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம். சுமையில் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டி, நிறுத்தி, உடனே திரும்ப ஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்புறம் பணம்.

புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. ஆணையம் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஓனர் 6,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். பம்ப் பற்றிப் பேச்சே இல்லை. வெள்ளைத் தாளில்தான் என்றாலும், அவர் கையெழுத்தில் "லைனர் பிஸ்டன் செட் புதுசு" என்று எழுதிக் கொடுத்தது என்னிடம் இருக்கிறது. அதை வைத்துத்தான் மனு தயாராகிறது. பெரியவர் வேறொரு பம்ப்புக்குப் பரமக்குடியில் சொல்லி வைத்திருக்கிறார். அதுவரை வாடகை வண்டியில்தான் உழவு.

கடைசியாக ஒன்று. நான் போனபோது அந்தப் பட்டறை வாசலில் ஒரு மிட்சுபிஷி டில்லர் பாதி கழற்றின நிலையில் நின்றது. கைப்பிடியில் மஞ்சள் நைலான் கயிறு சுற்றியிருந்தது, டேங்க் மூடிக்குப் பதில் துணி அடைத்திருந்தது. பம்ப் அப்போது வண்டியிலேயே இருந்தது. அது உங்களுடையது என்றால் இன்றைக்கே போய் நம்பரைப் படம் எடுத்துவிடுங்கள்.