செராமிக் கோட்டிங்கா வேக்ஸா, கொழும்புக் காருக்கு எது?

வெள்ளவத்தையில மரைன் டிரைவ் பக்கம் கார் விடுற ஆக்களுக்குத் தெரியும், ஒரு கிழமை கழுவாட்டி கடல் உப்பு படிஞ்சு நிக்கும். வேக்ஸ் போட்டா மினுக்கம் நல்லாத்தான் இருக்கும், ஆனா எங்கட வெயிலுக்கும் மழைக்கும் ஒண்டு ரெண்டு மாசத்தில போயிடும், திரும்பத் திரும்பப் பூசோணும். செராமிக் கோட்டிங் எண்டது தண்ணி மாதிரிப் பூசி இறுகிற ஒரு படலம், அது காரின்ர பெயின்டுக்கு மேல இருக்கிற கிளியர் கோட் எண்ட தெளிவான பூச்சோட இறுக்கமா ஒட்டுறதால ஒழுங்கா போட்டா வருசக்கணக்கில நிக்கும், தண்ணி உருண்டு ஓடும், கழுவுறதும் சுகம்.

ஆனா செராமிக்கின்ர கடினம் 9எச் எண்டு சொல்றதைக் கேட்டுட்டு கல்லு பட்டாலும் ஒண்டும் ஆகாது எண்டு நம்பாதீங்கோ, அது பென்சிலால கீறிக் கடினத்தைப் பாக்கிற அளவு, படலம் சில மைக்ரோன் (மில்லிமீட்டரில ஆயிரத்தில ஒரு பங்கு) தடிப்புத்தான், கல்லு தெறிச்சா பெயின்ட் போகும். காக்கா எச்சத்தை வெயில்ல காயவிட்டா ரெண்டிலயும் தழும்பு விழும். பழைய கீறல் இருந்தா முதல்ல பொலிஷ் பண்ணோணும், இல்லாட்டி அதுக்கு மேலதான் பூசுப்படும்.

றோட்டில நிக்கிற காருக்கு நான் செராமிக்தான் சொல்லுவன், கராஜுக்குள்ள நிக்கிறதுக்கு வேக்ஸே காணும்.