ஃபிளெக்சிபிள் டக்ட்டா, தகர டக்ட்டா? இரண்டையும் மாட்டிப் பார்த்த கதை

போன வருடம் சித்திரைத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் பதினோரு பேரும் எங்கள் வீட்டு ஹாலில்தான் படுத்தார்கள். இரண்டு படுக்கையறைகளும் அப்பாவின் அறையும் காலியாகக் கிடந்தன. டக்ட் எனும் காற்றுக்குழாய் வழியே அறைகளுக்குக் குளிர்காற்று அனுப்பும் எங்கள் டக்ட் கூலரின் காற்று ஹாலைத் தாண்டவில்லை. "ஏப்பா, இம்புட்டுச் செலவழிச்சு ஹாலுக்கு மட்டுமா காத்து வாங்குன?" என்றார் பெரியம்மா.

திருநகரில் எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளமானது. பின்சுவருக்கு வெளியே ஸ்டாண்டில் கூலர். அங்கிருந்து நடையின் மேற்கூரையை ஒட்டி டக்ட் போய், முதலில் ஹால், அப்புறம் படுக்கையறைகள், கடைசியில் வாசலோரம் அப்பா அறை. ஏசியை விட்டுவிட்டு ஏன் கூலர் என்றால், மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் அடிப்பது வறண்ட வெயில், அதற்குக் கூலர் நன்றாகவே ஈடுகொடுக்கும். ஐப்பசி அடைமழைப் புழுக்கத்தில் பிரயோஜனமில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

முதலில் மாட்டியது ஃபிளெக்சிபிள் டக்ட். கம்பிச் சுருளின் மேல் அலுமினியத் தாள் சுற்றிய குழாய். விலை குறைவு, சத்தம் குறைவு, அரை நாளில் வேலை முடிந்தது. மூலையில் வளைக்கத் தனி உறுப்பு எதுவும் வேண்டாம், கையாலேயே வளைத்துவிடலாம். இந்த வசதிதான் எனக்கு வினையானது.

கையால் வளைத்தால் உள்பக்கம் மடிந்து வாய் குறுகிவிடும். குழாயின் நடுக்கோட்டில் அளந்தால், வளைவின் ஆரம் குறைந்தது குழாயின் விட்டம் அளவுக்காவது இருக்க வேண்டும். எங்கள் பரண் மூலையில் அதில் பாதிகூட இல்லை. அடுத்து, குழாயை முழுசாக இழுத்து நீட்டாமல், மிச்சத்தை வெட்டாமல் அப்படியே சுருக்கி விட்டிருந்தார்கள். உள்ளே சுருக்கம் சுருக்கமாக இருந்தால் காற்று ஒவ்வொரு மடிப்பிலும் உரசிக்கொண்டு போகும். 15 சதவீதம் சுருங்கிக் கிடந்தாலே உராய்வு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். தாங்கல் விஷயத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 5 அடிக்குள் குழாயைத் தாங்க ஒரு பட்டை வேண்டும், தொய்வு அடிக்கு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் வீட்டில் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கட்டிய இடமெல்லாம் இடுப்பு வைத்திருந்தது.

இதற்கு மேல், கிளைக்குழாயை 10 அங்குலத்துக்குப் பதில் 8 அங்குலமாகப் போட்டிருந்தார்கள். இரண்டு அங்குலம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அதே அளவு காற்றை அந்தக் குழாயில் தள்ள, உராய்வு மூன்று மடங்கு. கூலர் ஃபேனுக்குத் தள்ளும் பலம் பொதுவாகவே குறைவு. எதிரே தடை கூடினால் மல்லுக்கட்டாது, காற்றைக் குறைத்துவிடும்.

இந்த வருடம் மாசியிலேயே எல்லாவற்றையும் பிரித்துவிட்டு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகர டக்ட்டுக்கு மாறினேன். தடிமன் 24 கேஜ் உள்ள ஷீட். புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் செய்தது. செலவு ஃபிளெக்சிபிளைப் போல இரண்டரை மடங்கு ஆனது. பட்டறைக்காரரோடு நான் சண்டை போடாத குறையாக நின்றது வளைவுக்காகத்தான்.

"கட் பெண்டு போட்ருவோம் சார், ஷீட்டு மிச்சமாகும்" என்றார் அவர். கட் பெண்டு என்றால் இரண்டு பெட்டியை மூலையில் வெட்டி ஒட்டியது போன்ற கூர்மையான திருப்பம். காற்று அதில் நேரே போய்ச் சுவரில் மோதி, சுழன்று, அப்புறம்தான் திரும்பும். திருப்பத்தில் காற்றழுத்தம் எவ்வளவு இழக்கிறது என்பதைக் குறிக்கும் எண் இதற்குச் சுமார் 1.2. நடுக்கோட்டு ஆரத்தை டக்ட் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு வைத்து வழுவழுவென்று வளைத்தால் அதே எண் 0.2 பக்கம் வந்துவிடும். ஒரே திருப்பத்தில் ஆறு மடங்கு வித்தியாசம். காற்றின் வேகம் இரட்டித்தால் வளைவில் போகும் இழப்பு நான்கு மடங்காகும் என்பதால், வேகம் அதிகமுள்ள முதல் வளைவில் கஞ்சத்தனம் காட்டவே கூடாது. இடமே இல்லாத ஒரு மூலையில் மட்டும் கட் பெண்டு போட்டு, உள்ளே காற்றைத் திருப்பிவிடும் தகடுகளை வைத்தோம். கிளைகளையும் நேர் 'டி'யாக வெட்டாமல், காற்று போகும் திசையில் 45 டிகிரி சாய்த்துப் பிரித்தோம். ஒவ்வொரு கிளையிலும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் மூடி, அதாவது டேம்பர், ஒன்று. ஹால் டேம்பரை முக்கால்வாசி மூடிய அன்றுதான் அப்பா அறையின் நாட்காட்டித் தாள் முதல்முறையாகப் படபடத்தது.

இணைப்புகளும் முக்கியம். அமெரிக்க வீடுகளில் டக்ட்டில் போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் ஒழுகலில் வீணாவதாக அந்நாட்டு அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் சொல்கிறது. துணி ஒட்டிய 'டக்ட் டேப்' அதற்கு மருந்தல்ல. 1998-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் சோதித்தபோது டக்ட் இணைப்பில் ஒட்டிய டேப் வகைகளில் தோற்றது அதுதான். பெயர்ப் பொருத்தம் அப்படி! நாங்கள் இணைப்புகளில் சந்துகளை அடைக்கும் சீலன்ட் பூசி, மேலே அலுமினியத் தாள் டேப் ஒட்டினோம். ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு இணைப்பாகக் காட்டினால், ஒழுகும் இடத்தில் புகை விலகி ஓடும்.

தகரத்துக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. கூலரைப் போட்டதும் ஒரு 'டொம்'. இரவு நிறுத்தும்போது இன்னொன்று. ஈரக்காற்று போகும் வழி என்பதால் திருகு போட்ட இடங்களில் துரு வரலாம். எனக்கு ஒரு கோடைதான் ஆகியிருக்கிறது, அதனால் ஆயுளைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன். ஃபிளெக்சிபிளில் பரணுக்கு மேலே எலி போட்ட ஓட்டை, தகரத்தில் விழாது என்று மட்டும் சொல்லலாம்.

கூலரும் அறையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, வளைவு ஒன்றோடு முடிகிற வீடென்றால், ஃபிளெக்சிபிளை நன்றாக இழுத்து மாட்டினாலே போதும். டக்ட் வழியே காற்று அனுப்பும் டக்டபிள் ஏசிக்கும் வளைவுக் கணக்கு இதேதான். ஆனால் அங்கே டக்ட்டின் மேல் இன்சுலேஷன் சரியாக இல்லையென்றால் தகரம் வியர்த்து ஃபால்ஸ் சீலிங்கை நனைக்கும். அதை நான் வீட்டில் செய்து பார்த்ததில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா கொசுவுக்குப் பயந்து அறை ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருந்தார். கூலர் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளேயும் வராது. தகரம் மாட்டிய அதே வாரம் அந்த ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்து வைத்தோம். வெற்றியில் வலைக்கு எவ்வளவு பங்கு, தகரத்துக்கு எவ்வளவு என்று பிரித்து அளக்கவில்லை.

பழைய ஃபிளெக்சிபிளில் ஒரு முழத்தை வெட்டி, கூலர் வாய்க்கும் தகரத்துக்கும் நடுவே மாட்டியிருக்கிறேன். ஃபேன் அதிர்வு தகரத்துக்கு ஏறாமல் அது தடுக்கிறது.